ஆசிரியர்களை உருவாக்கிய ஆசிரியர்: டாக்டர் ஜாகிர் ஹுசைன்

நமது சங்கத்தின் பொன்விழா மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் எழுத்தாளன் அல்லன். பொலிடெக்னிக்கில் கணக்கியல் டிப்ளோமா முடித்துவிட்டு, அத்தாவுக்குப் பின் ஈப்போவில் மளிகை மொத்த வியாபாரத்தைக் கவனித்து வருபவன். ஆனால் யாரைப் பற்றி எழுதுவது என்பதில் எனக்குச் சிறிதும் தயக்கம் இருக்கவில்லை. அதற்குக் காரணம் என் அக்கா மகள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற அந்தப் பிள்ளை, தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இத்ரீஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் கணித ஆசிரியர் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னது. குடும்பத்தில் முதலில் எதிர்த்தவன் நான்தான். கணக்கு இவ்வளவு நன்றாக வருகிற பிள்ளை கணக்காய்வாளர் ஆகலாமே, வாத்தியார் வேலைக்கா போக வேண்டும் என்று கேட்டேன். மச்சானும் என் பேச்சுக்குத் தலையாட்டினார். பிள்ளை மட்டும் அசையவில்லை.

இப்போது அது இறுதியாண்டு மாணவி. இடைநிலைப்பள்ளி ஒன்றில் கற்பித்தல் பயிற்சிக்குப் போய் வருகிறது. ஓர் இரவு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மறுநாள் நடத்த வேண்டிய ஒரே ஒரு பாடத்துக்கு மூன்று மணி நேரமாகத் தயாரித்துக்கொண்டிருந்தது. முதல் வாரம் தான் சொன்னது எந்த மாணவருக்கும் விளங்கவில்லை என்றும், தனக்குக் கணக்குத் தெரிந்திருப்பது வேறு, அடுத்தவருக்குத் தெரிய வைப்பது வேறு என்று அன்றுதான் புரிந்தது என்றும் சொன்னது. நான் பேசாமல் தேநீரைக் குடித்தேன்.

அன்று கடைக்குத் திரும்பியபோது, கல்லாப்பெட்டிக்கு மேலே அத்தா மாட்டி வைத்த பழைய படம் கண்ணில் பட்டது. வெள்ளைத் தாடியும் கண்ணாடியும் தொப்பியுமாக இந்தியக் குடியரசுத் தலைவர் டாக்டர் ஜாகிர் ஹுசைன். எங்கள் பூர்வீகம் இளையான்குடிப் பக்கம். அங்கே அவர் பெயரில் ஒரு கல்லூரியே இருக்கிறது. குடியரசுத் தலைவர் என்பதற்காகத்தான் அத்தா அந்தப் படத்தை மாட்டியிருப்பார் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அவரைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், அந்தப் பதவி அவர் வாழ்க்கையின் கடைசி இரண்டு ஆண்டுகள் மட்டுமே என்பதும், மீதி வாழ்நாளில் பெரும்பகுதியை ஆசிரியராகவும் ஆசிரியர்களை உருவாக்குபவராகவும் கழித்தவர் என்பதும் தெரிந்தது.

பெற்றோரை இழந்த பிள்ளை

ஜாகிர் ஹுசைன் அவர்கள் 1897 பிப்ரவரி 8ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார்கள். அவர்களுடைய முன்னோர் ஆப்கானிய எல்லைப் பகுதியிலிருந்து வந்து, இன்றைய உத்தரப் பிரதேசத்தின் காயம்கஞ்சில் குடியேறிய பட்டாணியர்கள். தந்தையார் ஃபிதா ஹுசைன் கான் அவர்கள் ஹைதராபாத்துக்குச் சென்று வழக்கறிஞராகத் தொழில் நடத்திப் பெயரும் பொருளும் ஈட்டினார்கள்.

1907இல் தந்தையார் மவ்த்தானார்கள். ஜாகிருக்கு அப்போது வயது 10. குடும்பம் காயம்கஞ்சுக்கே திரும்பியது. பிள்ளையை எட்டாவா நகரிலிருந்த இஸ்லாமியா உயர்நிலைப்பள்ளியில் சேர்த்தார்கள். எளிமையும் கட்டுப்பாடும் நிறைந்த விடுதிப் பள்ளி அது. 1911இல் ஊரில் பிளேக் நோய் பரவியது. தாயார் நாஸ்னீன் பேகம் அவர்களையும் குடும்பத்தில் வேறு சிலரையும் அந்த நோய் கொண்டுபோனது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அத்தாவும் இல்லை, உம்மாவும் இல்லை. அந்த நாட்களில் தாங்கிப் பிடித்தது பள்ளிக்கூடம்தான். தலைமையாசிரியர் சையித் அல்தாஃப் ஹுசைன் அவர்களின் நினைவை ஜாகிர் ஹுசைன் அவர்கள் கடைசிவரை நன்றியோடு போற்றி வந்தார்கள். ஓர் ஆசிரியரால் ஒரு பிள்ளைக்கு என்ன செய்ய முடியும் என்பதை நூலில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

அலிகரில் எடுத்த முடிவு

எட்டாவா படிப்பு முடிந்ததும் சர் சையித் அஹமது கான் அவர்கள் நிறுவிய அலிகர் கல்லூரியில் சேர்ந்தார்கள். மருத்துவராக வேண்டும் என்பதுதான் முதல் ஆசை. அதற்காக லக்னோ சென்று அறிவியல் படிக்கத் தொடங்கினார்கள். நோய் குறுக்கிட்டது. மீண்டும் அலிகருக்கே வந்து கலைப்பாடங்களில் 1918இல் பட்டம் பெற்று, பொருளாதார முதுகலையும் சட்டமும் படித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல பேச்சாளர், நல்ல மாணவர். அரசாங்க உத்தியோகம் வீடு தேடி வந்திருக்கும்.

1920 அக்டோபரில் காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அலிகருக்கு வந்தார்கள். கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் வேகமாக இருந்த காலம். ஆங்கில அரசின் உதவியில் நடக்கும் கல்விக்கூடங்களை விட்டு மாணவர்கள் வெளியேற வேண்டும் என்பது அவர்கள் விடுத்த அழைப்பு. பலர் தயங்கினார்கள். 23 வயது ஜாகிர் ஹுசைன் படிப்பை விட்டு வெளியேறும் முடிவை எடுத்தார்கள். ஆனால் வெளியேறுவது மட்டும் போதாது, வெளியேறுகிற மாணவருக்குப் படிக்க ஓரிடம் வேண்டும் என்பதையும் உணர்ந்தார்கள். டெல்லி சென்று ஹகீம் அஜ்மல் கான், டாக்டர் அன்சாரி போன்ற தலைவர்களைக் கண்டு வற்புறுத்தினார்கள். 1920 அக்டோபர் 29ஆம் நாள் அலிகர் பள்ளிவாசலில் மௌலானா மஹ்மூத் ஹசன் அவர்கள் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவைத் தொடங்கி வைத்தார்கள். கட்டடம் இல்லை. கூடாரங்களிலும் வாடகை வீடுகளிலும் வகுப்புகள் நடந்தன.

பெர்லினில் கற்றது

1922இல் மேற்படிப்புக்காக ஜெர்மனி சென்றார்கள். பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வெர்னர் சோம்பார்ட்டின் கீழ் இந்திய வேளாண்மைப் பொருளாதாரத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார்கள். பட்டம் பொருளாதாரத்தில் என்றாலும் மனம் கல்வியில்தான் இருந்தது. மியூனிக் நகரில் கெர்ஷன்ஸ்டைனர் என்ற கல்வியாளர் ஏட்டுப் பாடத்தோடு கைவேலையையும் இணைத்து பள்ளிகளைச் சீரமைத்து வந்தார். அவருடைய கருத்துகள் ஜாகிர் ஹுசைன் அவர்களை ஆழமாகப் பாதித்தன. ஒரு வேலையை யோசித்து, திட்டமிட்டு, செய்து முடித்து, செய்தது சரியா என்று தானே சரிபார்க்கும்போதுதான் மனிதன் உண்மையில் கற்கிறான் என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது.

அதைத் தம் கையாலேயே செய்தும் பார்த்தார்கள். காலிபின் கவிதைத் தொகுப்பை பெர்லினிலிருந்த காவியானி அச்சகத்தில் அழகிய பதிப்பாக வெளியிட விரும்பியபோது, அச்சுக் கோர்க்கும் வேலையைக் கற்றுக்கொண்டு தாமே எழுத்துகளைக் கோர்த்தார்கள். முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒருவர் மையும் ஈயமும் கையில் படிய அச்சகத்தில் நின்றார் என்பது சிறிய செய்திதான். ஆனால் பின்னாளில் அவர்கள் ஆசிரியர்களிடம் எதை எதிர்பார்த்தார்களோ அதற்கு இதுவே முன்மாதிரி.

அங்கே இருந்தபோதே ஊரிலிருந்து கவலையான செய்தி வந்தது. 1924இல் துருக்கியில் கிலாஃபத் ஒழிக்கப்பட்டது. இயக்கம் தளர்ந்ததும் ஜாமியாவுக்கு வந்துகொண்டிருந்த பணமும் நின்றது. மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஜாகிர் ஹுசைன் அவர்களும், உடன் படித்த ஆபித் ஹுசைன், முகம்மது முஜீப் ஆகிய நண்பர்களும் தாங்கள் வந்து உழைக்கத் தயார், மூட வேண்டாம் என்று தெரிவித்தார்கள். 1925இல் ஜாமியா டெல்லி கரோல் பாகுக்கு மாறியது. 1926 பிப்ரவரியில் மூவரும் வந்து சேர்ந்தார்கள். 29 வயதில் ஜாகிர் ஹுசைன் அவர்கள் துணைவேந்தரானார்கள்.

கடனில் தொடங்கிய பணி

நான் வியாபாரி. பொறுப்பேற்ற அன்று அவர்கள் கண்ட கணக்குப் புத்தகத்தை என்னால் கற்பனை செய்ய முடிகிறது. வரவுப் பக்கம் ஏறக்குறைய வெறுமை, பற்றுப் பக்கம் நிறையக் கடன். பண உதவிக்குத் தூணாக இருந்த ஹகீம் அஜ்மல் கான் அவர்களும் 1927 டிசம்பரில் காலமானார்கள். எந்த வியாபாரியும் கடையை இழுத்து மூடியிருக்க வேண்டிய நேரம் அது.

1928இல் ஜாமியா ஆசிரியர்கள் ஓர் உறுதிமொழி எடுத்தார்கள். 20 ஆண்டுகள் இங்கேயே பணியாற்றுவது, மாதச் சம்பளமாக 150 ரூபாய்க்கு மேல் யாரும் பெறுவதில்லை. துணைவேந்தருக்கும் அதே வரம்புதான். அந்தச் சிறு தொகையும் பல மாதங்கள் முழுமையாக வரவில்லை. பெர்லின் முனைவர் பட்டத்துக்கு வெளியே பல மடங்கு சம்பளம் காத்திருந்தது. அவர்கள் போகவில்லை.

இந்த இடத்தைப் படித்தபோது என் அக்கா மகளிடம் நான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்து தலை குனிந்தேன். ஆசிரியர் சம்பளத்தையும் கணக்காய்வாளர் சம்பளத்தையும் ஒரு தாளில் எழுதி, கூட்டிக் கழித்துக் காட்டியவன் நான்.

சின்னப் பிள்ளைகளின் துணைவேந்தர்

துணைவேந்தர் என்றால் அலுவலக அறையில் இருப்பவர் என்று நினைப்போம். ஜாகிர் ஹுசைன் அவர்கள் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் செலவிட்ட நேரம் அதிகம். ஜாமியாவில் பிள்ளைகளே கடை நடத்தினார்கள், பிள்ளைகளே வங்கியும் நடத்தினார்கள். அளந்து கொடுத்து, காசு வாங்கி, கணக்கு எழுதி, அதன் வழியே கணிதமும் நாணயமும் கற்றார்கள். அத்தாவின் கடையில் பத்து வயதில் சில்லறை எண்ணத் தொடங்கிய எனக்கு, அந்தப் பாடம் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பது தெரியும்.

ஜாமியாவில் வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. மாணவர்கள் காலணிகளைத் துடைத்துச் சுத்தமாக வர வேண்டும் என்று பலமுறை சொல்லியும் பயனில்லை. ஒருநாள் காலையில் மாணவர்கள் வந்தபோது வாசலில் துணைவேந்தர் பாலிஷும் தூரிகையுமாக உட்கார்ந்திருந்தார்கள், வருகிறவர்களின் காலணிகளைத் துடைத்துவிடுவதற்காக. அதற்குப் பிறகு யாருக்கும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு நிகழ்ச்சியை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, எனக்கும் சின்னப் பெண்பிள்ளை உண்டு. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்கள் இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது அவர்களின் சிறு மகள் ரெஹானா மவ்த்தாகிவிட்ட செய்தி காதில் சொல்லப்பட்டது. முகம் வெளிறியது. ஆனாலும் கடைசிப் பிள்ளைக்கும் இனிப்பைக் கொடுத்து முடித்த பிறகே வீட்டுக்குச் சென்றார்கள். பிள்ளைகள் அத்தனை மகிழ்ச்சியாக இருந்ததைக் கெடுக்க மனம் வரவில்லை என்பதே பிறகு அவர்கள் சொன்ன விளக்கம். பிள்ளைகளுக்காக அவர்கள் எழுதிய கதைகள் அந்த மகளின் பெயரைத் தாங்கி வெளிவந்தன. அபூ கானின் ஆடு என்ற கதை உருது படிக்கும் பிள்ளைகளிடையே இன்றும் புகழ் பெற்றது.

பெர்லினில் அறிமுகமான கெர்டா ஃபிலிப்ஸ்போர்ன் என்ற யூதப் பெண்மணியும் 1930களின் தொடக்கத்தில் ஜாமியாவுக்கு வந்து, சின்னப் பிள்ளைகளைத் தாயைப் போல் கவனித்துக்கொண்டார். 1943இல் அங்கேயே மறைந்து, ஜாமியா மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். நல்ல ஆசிரியர் எங்கிருந்து வந்தாலும் ஜாமியா ஏற்றுக்கொண்டது.

உஸ்தாதுகளின் மத்ரஸா

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் ஒரு கல்வி மாநாட்டைக் கூட்டினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏழு ஆண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழி வழியில், ஒரு கைத்தொழிலை மையமாகக் கொண்டு என்பது திட்டம். பிள்ளைகளின் உற்பத்தியிலிருந்தே பள்ளிச் செலவு கிடைக்க வேண்டும் என்பது காந்தியடிகளின் விருப்பம். ஜாகிர் ஹுசைன் அவர்கள் அந்த மேடையிலேயே தயங்காமல் தம் ஐயத்தைச் சொன்னார்கள். வருமானம் முன்னால் வந்தால் கல்வி பின்னால் போய்விடும், பிள்ளை வேலையாள் ஆகிவிடும் என்பது அவர்களின் அச்சம். அப்படி எதிர்வாதம் செய்தவரையே பாடத்திட்டக் குழுவின் தலைவராக்கினார்கள். அந்தக் குழுவின் அமைப்பாளர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பாவும் உறுப்பினர். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் கல்வி பயின்று, அலிகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை வழிநடத்திய குலாம் சையிதைன் அவர்களும் இருந்தார்கள்.

1937 டிசம்பரிலேயே அறிக்கை தயாரானது. அதில் என் கவனத்தை ஈர்த்தது ஆசிரியர் பயிற்சி பற்றிய பகுதி. நல்ல ஆசிரியர் இல்லாமல் எந்தப் பாடத்திட்டமும் வெற்றி பெறாது என்று உணர்ந்த குழு, முழுப் பயிற்சிக்கு மூன்று ஆண்டுகள், உடனடித் தேவைக்காக ஓராண்டுக் குறுகிய பயிற்சி என வகுத்தது. ஆசிரியராகப் போகிறவர் தொழிலைத் தாமே கற்க வேண்டும், மேற்பார்வையில் உண்மையான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பழக வேண்டும்.

திட்டத்துக்கு எதிர்ப்பும் இருந்தது. முஸ்லிம் லீகினர் கடுமையாகக் குறை கூறினார்கள். சொந்தச் சமுதாயத்திலிருந்தே ஏச்சு வந்தது. ஜாகிர் ஹுசைன் அவர்கள் மறுப்பு அறிக்கைகள் விட்டுக்கொண்டிருக்காமல் வேலையைத் தொடங்கினார்கள். 1938இல், டெல்லிக்கு வெளியே ஓக்லாவில், ஜாமியாவில் ஆசிரியர் பயிற்சிக் கூடம் திறக்கப்பட்டது. உஸ்தாதுகளின் மத்ரஸா என்பதே அதன் பெயர். அந்தக் கூடம் வளர்ந்து இன்று ஜாமியா பல்கலைக்கழகத்தின் கல்வியியல் புலமாக நிற்கிறது. இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களும் இன்று அங்கே பட்டம் பெற்று வெளியேறுகிறார்கள்.

நெருப்பு மூண்ட ஆண்டுகள்

1946 நவம்பரில் ஜாமியாவின் வெள்ளி விழா நடந்தது. நாடு வகுப்புக் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தது. ஒருவரோடு ஒருவர் பேசவும் விரும்பாத காங்கிரஸ், லீக் தலைவர்களை ஒரே மேடையில் அமர வைத்தார்கள் ஜாகிர் ஹுசைன் அவர்கள். நேருவும் ராஜாஜியும் ஒரு பக்கம், ஜின்னாவும் லியாகத் அலி கானும் மறுபக்கம். அந்த நாளில் அவர்கள் ஆற்றிய உரை, ஜாமியாவுக்கு நன்கொடை கேட்கும் உரையாக இருக்கவில்லை. மூண்டிருக்கும் நெருப்பை அணையுங்கள், இந்த நெருப்பில் கல்விப் பணி எப்படி நடக்கும் என்று அந்தத் தலைவர்களிடம் மன்றாடும் உரையாக இருந்தது.

நெருப்பு அணையவில்லை. 1947 ஆகஸ்டில் காஷ்மீருக்குப் பயணப்பட்டபோது ஜலந்தர் ரயில் நிலையத்தில் கலவரக் கும்பலிடம் சிக்கினார்கள். ஒரு சீக்கிய இராணுவ அதிகாரியும் ஓர் இந்து ரயில்வே அதிகாரியும் உயிரைக் காப்பாற்றினார்கள். டெல்லி கரோல் பாகிலிருந்த ஜாமியாவின் புத்தகப் பதிப்பகம் எரிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளாகச் சேர்த்த புத்தகங்கள் சாம்பலாயின. உயிர் தப்பித் திரும்பியவர், வெறுப்பைக் கொண்டுவரவில்லை. மறுபடியும் பிள்ளைகளிடமே வந்தார்கள்.

பல்கலைக்கழகம் ஆசிரியரை எப்படி உருவாக்க வேண்டும்?

1948இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பு அவர்கள் மேல் விழுந்தது. பிரிவினைக்குப் பின் ஆசிரியர்களும் மாணவர்களும் பலர் பாகிஸ்தான் சென்றுவிட்ட நிலையில், எல்லோரும் சந்தேகக் கண்ணோடு பார்த்த நிறுவனம் அது. எட்டு ஆண்டுகள் பாடுபட்டு அதை நிமிர்த்தினார்கள்.

அதே காலத்தில் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் இலட்சுமணசாமி முதலியாரும் அதில் இருந்தார். 1949இல் அந்தக் குழு தந்த அறிக்கை, பல்கலைக்கழகங்கள் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் முறை பற்றியும் பேசியது. பயிற்சி மாணவர் பள்ளிக்கூடத்தில் செலவிடும் நேரம் கூட வேண்டும். மதிப்பெண் வழங்கும்போது, தாளில் எழுதியதைவிட வகுப்பறையில் கற்பித்த திறனுக்குக் கூடுதல் மதிப்புத் தர வேண்டும். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் விரிவுரையாளர்களும் பள்ளியில் நேரடியாகப் பாடம் நடத்திய அனுபவம் உள்ளவர்களாக இருக்க வேண்டும். கல்வியியலில் முதுகலைப் படிப்புக்கு, சில ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றியவர்களையே சேர்க்க வேண்டும்.

இவற்றைப் படித்தபோதுதான் என் அக்கா மகள் ஏன் மாதக்கணக்கில் ஒரு பள்ளிக்குப் போய் வருகிறது, ஏன் பின்வரிசையில் விரிவுரையாளர் குறிப்பேட்டோடு உட்கார்ந்து கவனிக்கிறார், ஒரு பாடத்துக்கு ஏன் இத்தனை பக்கத் திட்டம் என்பதெல்லாம் விளங்கியது. கடைக்குப் புதிதாக வரும் பையனை நாங்கள் முதல் நாளே தராசில் நிறுத்துவதில்லை. பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்வோம், பிறகு அளக்கச் சொல்வோம், தவறினால் திருத்துவோம். மிளகுக்கும் சீரகத்துக்கும் இவ்வளவு கவனம் என்றால் பிள்ளைகளின் அறிவுக்கு எவ்வளவு வேண்டும்!

பதவிகள் தேடி வந்தன

1957இல் பீகார் ஆளுநர், 1962இல் துணைக் குடியரசுத் தலைவர், 1963இல் பாரத ரத்னா விருது, 1967 மே 13இல் இந்தியக் குடியரசுத் தலைவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் முஸ்லிம் அவர்களே. பிளேட்டோவின் குடியரசு நூலை உருதுவில் மொழிபெயர்த்தவர், தாமே ஒரு குடியரசின் தலைவரானார்கள். ரோஜாச் செடிகளை வளர்ப்பதில் அவர்களுக்கிருந்த ஆசை மாளிகைக்குப் போன பிறகும் குறையவில்லை.

1969 மே 3ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே 72ஆம் வயதில் காலமானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர்களின் கப்ரு ஓக்லாவில், ஜாமியா வளாகத்தில் இருக்கிறது. இப்போதும் பிள்ளைகள் புத்தகப் பையோடு நடந்துபோகும் இடம் அது. ஆசிரியர்களாகப் போகிறவர்கள் படிக்கும் புலமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது.

நமக்கு என்ன பாடம்?

நமது சங்கம் ஐம்பது ஆண்டுகளைக் கடந்திருக்கிறது. முதல் தலைமுறையினர் தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் வியாபாரம் செய்து, அதில் மிச்சம் பிடித்த பணத்தில் இந்தச் சங்கத்தை எழுப்பினார்கள். கல்வி உதவி நிதி அவர்கள் விட்டுச் சென்ற பெரிய சொத்து. அந்த நிதிக் குழுவில் நானும் சில ஆண்டுகளாக இருக்கிறேன். மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்று வரும் விண்ணப்பங்களுக்கு மனமகிழ்ந்து கொடுத்திருக்கிறோம். ஆசிரியர் படிப்புக்கு என்று வந்த விண்ணப்பத்தை அடியில் வைத்ததும் உண்டு. அப்படி வைத்தவர்களில் நானும் ஒருவன். அதை இந்த மலரில் ஒப்புக்கொள்வது என் கடமை.

நாம் உதவிய மருத்துவரும் பொறியியலாளரும் யாரிடம் படித்து அந்த இடத்துக்குப் போனார்கள் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. பதினைந்து வயதில் ஒரு பிள்ளை கணக்கைக் கண்டு பயந்து ஒதுங்குவதும், ஆசையோடு நெருங்குவதும் ஓர் இடைநிலைப்பள்ளி ஆசிரியரின் கையில் இருக்கிறது. என் வயதொத்த நண்பர்களில் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் பலர். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க ஆள் கிடைக்காதவர்கள்.

ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் நமது நிதியில் சமமான இடம் வேண்டும் என்று குழுவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெரியவர்கள் ஆதரிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற மாதம் அக்கா மகள் கடைக்கு வந்தது. பின்வரிசையில் பேசாமலே இருக்கும் ஒரு மாணவன் முதல்முறையாகக் கை தூக்கி, கரும்பலகைக்கு வந்து, ஒரு கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டான் என்று சொல்லும்போது அதன் முகத்தில் இருந்த மலர்ச்சியை, நல்ல இலாபம் வந்த நாளில்கூட என் முகத்தில் நான் கண்டதில்லை. கல்லாவுக்கு மேலிருந்த படத்தைக் காட்டி, இவர்கள் யார் தெரியுமா என்று கேட்டேன். குடியரசுத் தலைவர்தானே மாமா என்றது. இல்லை, ஆசிரியர் என்றேன்.

வல்ல அல்லாஹ் மர்ஹூம் டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்களின் கப்ரை ஒளியுள்ளதாக ஆக்கி, மறுமையில் உயர்ந்த இடத்தைத் தந்தருள்வானாக. நமது பிள்ளைகளிலிருந்தும் நல்ல ஆசிரியர்களை உருவாக்கித் தருவானாக. ஆமீன்.